மட்டாஞ்சேரியின் மண்பாட்டு

அமெரிக்காவில் நாஷ்வில் நகர வானொலி நிலையம் 1925-ஆம் ஆண்டில் கிராமத்துப் பிடில்காரர்களை ஒலிபரப்பத் தொடங்கியபொழுது, "இதுவும் சங்கீதமா?" என்று முகஞ்சுளித்த நகரத்துப் பெரியோர் உண்டு. அத்தகைய முகச்சுளிப்பு நம்மவரிடமும் இல்லாமலில்லை.

மலையாளத் திரைப்பாட்டின் மெட்டுகளெல்லாம் இரவல் என்பர் நம்மவர் சிலர். ஒரு காலத்தில் அது உண்மையே. 1951-இல் வெளிவந்த 'ஜீவித நௌக'வில் இந்தி மெட்டுகள் தாராளமாக ஒலித்தன. அதிற் பாடியவர்களுள் ஒருவர் மட்டாஞ்சேரியின் மெஹபூப். தக்கணி பேசும் முஸ்லிம் சமூகத்திற் பிறந்தவர், குருகுலம் கண்டவரல்லர், கலியாண வீடுகளிற் பாடிப் பாடியே குரலைப் பண்படுத்திக் கொண்டவர்.

1954-இல் 'நீலக்குயில்' வந்தது. பாட்டு பி. பாஸ்கரன், இசை கே. ராகவன். ராகவனோ வானொலி நிலையத்து ஊழியர்! வடமலபாரின் நாடோடிப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த அவர், மாப்பிளைப்பாட்டின் மெட்டைத் துணிந்து திரைக்குக் கொணர்ந்தார். காயற்கரையில் வலைவீசுவோன் பாட்டைத் தாமே பாடினார். மற்றொரு பாட்டை மெஹபூபுக்கு அளித்தார். இரவல் மெட்டைப் பாடிய அதே குரல், இப்பொழுது சொந்த மண்ணின் மெட்டைப் பாடிற்று. வேறுபாடு கேட்டவுடன் புலப்படும்.

மெஹபூப் 1981-இல் மறைந்தார். அவருடைய பாட்டுக்களைக் கஜலோடு சேர்த்துப் பாடும் வழக்கம் மட்டாஞ்சேரியில் இன்றும் உண்டு. ஆர்மோனியமும் தபலாவுமே துணை. ராகத்தைத் தேடும் காதைச் சற்றே ஒதுக்கிவிட்டு, நடவுப்பாட்டைக் கேட்பதுபோற் கேட்கவேண்டும். எனக்கு அது கைவரச் சில ஆண்டுகள் பிடித்தன.