தஞ்சை நால்வரும் நம் பிள்ளைகளின் அரங்கேற்றமும்



சிராங்கூன் சாலைக் கடைகளில் சலங்கையும் நகையும் வாங்கிப் பிள்ளைகளை அரங்கேற்றத்திற்கு ஆயத்தப்படுத்தும் குடும்பங்கள் சிங்கப்பூரில் பல. அந்நிகழ்ச்சியின் வரிசையை வகுத்தவர் யார் என்பதை அப்பிள்ளைகள் அறிதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலை இசையில் நால்வர் குழு என்றால் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் 1886-இல் ஹூபாயும் பாப்பரும் அமைத்த குழு அத்தகையது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தஞ்சையிலும் ஒரு நால்வர் புகழ்பெற்றிருந்தனர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. நட்டுவனார் குடும்பத்தில் பிறந்த உடன்பிறப்புகள். முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர்கள். சரபோஜி மன்னரின் அவைக் கலைஞர்கள்.

அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்னும் வரிசையைச் செப்பம் செய்தவர்கள் இவர்களே. ஐரோப்பாவிலிருந்து வந்த வயலினை நம் இசைக்கு உரியதாக்கிய முன்னோடிகளுள் வடிவேலுவும் ஒருவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். "வயலின் நம்முடையதா?" என்று மாணவர் கேட்கும்போது நான் கூறும் விடை இதுவே: பயின்று பழகி நம் இராகத்தை அதில் பாடவைத்ததால் அது நம்முடையதாயிற்று.

இந்நால்வர் மரபில் வந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ருக்மிணி தேவி 1936-இல் கலாக்ஷேத்ராவைத் தோற்றுவித்தார். அங்குப் பயின்ற சத்தியலிங்கம், நீலா சத்தியலிங்கம் இணையர் 1977-இல் சிங்கப்பூரில் அப்சராஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். தஞ்சை அவைக்கும் நம் தீவுக்கும் இடையே உள்ள தொலைவு சில தலைமுறைகளே.

எனினும் ஒன்றை மறைத்தல் முறையன்று. நால்வரின் உருப்படிகளை முதலில் ஆடியவர்கள் தேவதாசிப் பெண்கள். இராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் நானூறு ஆடல் மகளிரைப் பதிவு செய்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆடல் மகளிரோ நம் அழைப்பிதழ்களில் ஒரு சொல்லாகக்கூட இடம்பெறுவதில்லை. சமூகம் அவர்களை இழிவுபடுத்தியது. 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்தது. அவர்கள் காத்த கலை மட்டும் மேடையேறியது.

ஆகவே பெற்றோர்களிடம் என் வேண்டுகோள்: அரங்கேற்ற மலரில் நன்றியுரை எழுதும்போது, நால்வரின் பெயர்களோடு அப்பெண்களையும் இரண்டு வரியில் நினைவுகூருங்கள். அவ்விரண்டு வரிகளைத் தமிழில் உங்கள் பிள்ளையே எழுதட்டும்.