பட்டிழையில் தொங்கிய சூத்திரம்

ஜெயங்கொண்டத்துக்கு மேற்கேயுள்ள உடையார்பாளையத்தின் பெயரைக் கேட்டதும் சங்கீத ரசிகர்களுக்கு ஜமீன் ஆஸ்தானத்துக் கனம் கிருஷ்ணையரின் பதங்கள் ஞாபகத்துக்கு வருமாயினும், அவ்வூரிலும் இலையூர், வாரியங்காவல் முதலிய கிராமங்களிலும் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு அமரும் நெசவாளருக்கு ஊர் என்பது பட்டும் சரிகையுந்தான். வறண்ட காற்று வீசும் நாளில் பட்டுப் பாவைக் கையால் உருவிவிட்டால், இழைகள் படிந்து கிடக்காமல் ஒன்றையொன்று தள்ளிச் சிலிர்த்து நிற்கும். அறுந்த துணுக்கோ உதற உதற விரலிலேயே ஒட்டிக்கொள்ளும். சிறிது ஈரம் பட்டால் இரண்டும் அடங்கிவிடும். இந்த ஆகர்ஷண விகர்ஷணங்களைக் கணக்குக்குள் கொண்டுவந்த சரித்திரத்தில் பட்டுநூலுக்குப் பெரும் பங்குண்டு என்பதைப் பாடப் புத்தகங்கள் ஏனோ சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

புல்லை இழுக்கும் மணி என்ற பொருளில், அம்பர் என்னும் இறுகிய மரப்பிசினைத் 'திருணமணி' என்று வடமொழியார் அழைத்தனர். இழுப்பதை அறிந்தவர் பலர், அளந்தவர்தாம் இல்லை. 1729இல் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே என்பவர், சணல் கயிற்றின் வழியே மின்னூட்டத்தை நெடுந்தூரம் செலுத்த எண்ணி, அக்கயிற்றைப் பட்டிழைகளின்மேல் தாங்கவைத்துச் சோதித்து வருகையில், பாரம் தாளாமல் பட்டு அறுந்துபோகவே, மெல்லிய பித்தளைக் கம்பியை அவ்விடத்தில் கட்டினார். கயிற்றின் மறுமுனைக்கு ஒன்றும் எட்டவில்லை. மின்னூட்டத்தைக் காத்தது இழையின் மென்மையன்று, பட்டின் குணமே என்பது அந்த விபத்தால் விளங்கிற்று. கண்ணாடியில் ஒருவகை, பிசினில் மற்றொருவகை என மின்னூட்டம் இருவகைப்படும் என்பதை 1733இல் பிரான்சின் துஃபே கண்டார்.

அளக்கும் புண்ணியம் கூலூம் என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளருக்கு வாய்த்தது. 1785இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின்முன் அவர் வைத்த முறுக்குத் தராசில், சரிகைக்காரரும் மெச்சும்படியான மெல்லிய வெள்ளிக் கம்பி ஒன்று செங்குத்தாகத் தொங்கியது. அதன் அடியில் அரக்குப் பூசிய பட்டிழையோ வைக்கோலோ குறுக்குத் தண்டாக நின்றது. தண்டின் நுனியில் ஒரு நெட்டிப் பந்து. அருகில் அசையாது நின்ற மற்றொரு பந்துக்கும் இதற்கும் ஒரே மின்னூட்டம் தந்ததும், தொங்கிய பந்து 36 பாகை விலகிற்று. மேலேயுள்ள குமிழை 126 பாகை திருகி நெருக்கியபோது இடைவெளி 18 ஆயிற்று. விசைக்கு அளவான கம்பியின் முறுக்கு அப்போது, 126உம் 18உம் கூடி, 144. 567 பாகை திருகியபோது இடைவெளி எட்டரை. முறுக்கு ஐந்நூற்று எழுபத்தைந்தரை. தூரம் பாதியானால் விசை நான்கு மடங்கு என்ற விதி இப்படித்தான் பிறந்தது. கணக்குப்படி வரவேண்டிய இடைவெளி ஒன்பது. எட்டரை என்று கண்டதை எட்டரையாகவே எழுதிவைத்த அந்த நேர்மை எனக்கு விதியைவிடப் பிடிக்கிறது. (இதே விதியை முன்னரே கண்டிருந்த ஆங்கில விஞ்ஞானி கேவண்டிஷ் அதைப் பெட்டியில் பூட்டிவைத்தார், அவருடைய குறிப்புகள் 1879இல் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் தயவால்தான் அச்சேறின.)

இன்றைய மாணவனுக்கு இது ஒரு வரிக் கணக்கு. ஒவ்வொன்றிலும் 1 மைக்ரோகூலூம் மின்னூட்டமுள்ள இரு சிறு பந்துகளைக் காற்றில் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தால், மின்னூட்டங்களைப் பெருக்கி, தூரத்தின் வர்க்கத்தால் வகுத்து, 9×10⁹ என்ற மாறிலியால் பெருக்க, 0.9 நியூட்டன் கிடைக்கும். ஏறக்குறைய 92 கிராம் எடையைத் தாங்கும் விசை. தூரத்தை இரட்டித்தால் 23 கிராம்.

மின்னூட்டம் காற்றிலும் தாங்கும் பொருளிலும் கசிந்துபோவதை ஆராயக் கூலூம் தனியே ஓர் உரை எழுதினார். காப்பதில் பட்டைவிட அரக்கே மேல் என்றும், ஈரக் காற்றில் கசிவு மிகும் என்றும் அதில் கண்டார். அந்த ஈரம் நம் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஐப்பசியில் வந்து சேரும். அப்போது கண்ணாடிக் கோலைப் பட்டுத் துணியால் எவ்வளவு தேய்த்தாலும் நெட்டிப் பந்து அசைவதில்லை. ஆசிரியர் கோலை அலமாரியில் வைத்துவிட்டுக் கரும்பலகையில் 0.9 நியூட்டன் என்று எழுதுகிறார்.