தணிகைப் புலவர் மனையும் தொழிலும்

எந்நிறுவனத்தையும் சாராது, தம் மனையிலிருந்தே எழுதிப் பிழைப்போரை இக்காலத்துப் புதுவகையினராகக் கருதுதல் வழக்கமாகிவிட்டது. தமிழ்ப் புலவர் வரலாற்றை நோக்குவார்க்கு இது புதிதன்று. மடத்தின் புரவலை விட்டு நீங்கி, கல்லூரிச் சம்பளமும் பரவாதிருந்த ஓர் இடைக்காலத்தில், புலவன் வீடே பள்ளியும் பணிமனையும் ஆயிற்று. இதனை விளக்கத் திருத்தணிகைக் குடும்பமொன்று தக்க சான்றாகின்றது.

தணிகைப் புராணம் பாடிய கச்சியப்ப முனிவர் (மறைவு 1790) திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்தவர். உணவும் உறையுளும் ஏட்டுச்சுவடியும் மடம் அளித்தது; துறவியாதலின் மனைவி மக்களைப் பேணும் கவலை அவர்க்கில்லை. அவர்தம் மாணவர் கந்தப்பையரோ இல்லறத்தார், வீரசைவ மரபினர். அவர் மைந்தரே விசாகப்பெருமாளையரும் சரவணப்பெருமாளையரும். (1953இல் ஆந்திரத்தோடு சேர்ந்து, 1960 ஏப்ரல் முதல் நாளன்று தமிழகத்தோடு இணைந்த ஊர் திருத்தணி. அவ்வெல்லைப் புறத்தில் தமிழ்க்கல்வி எத்துணை ஆழ வேரூன்றியிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா.)

மைந்தர் இருவரும் சென்னையில் முகவை இராமாநுச கவிராயரிடம் பயின்றனர். கவிராயர் பாடஞ் சொல்லி வாழ்ந்தவர். போப்பையரும் அவர் மாணவர். ட்ரூ பாதிரியார் 1840இல் வெளியிட்ட திருக்குறட் பதிப்பில் அவர் விளக்கம் இடம்பெற்றது. எனினும் கற்பித்தலை விலைப்பொருளாகக் கொள்ளாத மரபில் வந்த ஆசிரியன், வாயிலில் வந்து நின்ற ஏழை மாணவனைப் போக்குதல் இயலாது. வருவாய் ஒருவரிடத்து, செலவோ பலரிடத்து.

ஐயரிருவரும் கல்வி விளக்க அச்சுக்கூடத்தை நிறுவினர். மூத்தோர் அறியாத இடர் ஒன்று இங்கே தோன்றிற்று. ஏடெழுதுங் காலத்துப் புலவன் இட்ட முதல் ஓலையும் உழைப்புமே. அச்சிலோ, ஒரு படியேனும் விலையாகுமுன் தாளுக்கும் எழுத்துக்கும் கட்டடத்திற்கும் பொருள் வேண்டும். பகலில் பாடம், இரவில் விளக்கொளியில் பார்வைப்படி திருத்தம். விலையாகாத படிகளோ வீட்டை அடைத்துக்கொள்ளும். இவற்றினூடேதான் விசாகப்பெருமாளையர் நன்னூற் காண்டிகையும் அணியிலக்கணமும் யாப்பிலக்கணமும் எழுந்தன. சரவணப்பெருமாளையர் திருவள்ளுவமாலைக்கும் நைடதத்திற்கும் உரை கண்டார். மாணவர்க்கு எளிதில் விளங்கும் சுருக்க நடையை இவர்கள் கைக்கொண்டமைக்குப் புலமைக் கொள்கை மட்டுமே காரணமன்று, நூல் வாங்குவோர் மாணவராயிருந்தமையும் காரணம் என்பது என் கருத்து.

அச்சை நம்பாதவர் நிலையும் வேறன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) தலபுராணங்கள் பல பாடினார். பரிசில் பெரும்பாலும் அரங்கேற்றத்தின்போதே வரும்; மாணவர்க்குச் சோறிடுதலோ நாள்தோறும் உண்டு. ஆதீன வித்துவானாகியும் அவர் கடனோடே மறைந்தமையை உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் சம்பளம் பெற்றிருந்தும், 1887இல் சிந்தாமணியை வெளியிடக் கையொப்பம் சேர்க்க வேண்டியிருந்தது.

விசாகப்பெருமாளையர் பின்னர் அரசினர் கல்விநிலையத்துத் தமிழாசிரியப் பணியை ஏற்றார். இதனைப் பெருமைக்குரிய உயர்வாக மட்டும் எழுதுதல் நம்மவர் வழக்கம். அச்சுக்கூடத்துக் கணக்கையும் உடன்வைத்து எண்ணின், திங்கள்தோறும் வரும் ஊதியம் அம்மனைக்கு எத்துணை இன்றியமையாததாயிருந்தது என்பது புலனாகும்.