பக்கவிளைவே மருந்தான கதை

நாம் சாப்பாட்டுக்கு முன் போட்டுக்கொள்ளும் சர்க்கரை மாத்திரையை யாரோ ஒரு விஞ்ஞானி தேடிக் கண்டுபிடித்தார் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. அது முதலில் தலைகாட்டியது ஒரு பக்கவிளைவாகத்தான்.

1942, போர்க்காலம். பிரான்சின் தெற்கே மோன்பெலியே நகரம். டைபாய்டுக்கு அப்போது சரியான மருந்து கிடையாது. மார்செல் ழான்போன் என்ற மருத்துவப் பேராசிரியர், 2254 என்று எண்ணிட்ட புது சல்பா மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு வலிப்பு வந்தது, சிலர் நினைவிழந்தார்கள், இறந்தவர்களும் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கியதே காரணம்.

செய்தி அதே ஊரில் இருந்த ஒகுஸ்த் லுபாத்தியேரிடம் போயிற்று. அவர் நாய்களிடம் சோதித்தார். கணையம் உள்ள நாய்க்குச் சர்க்கரை இறங்கியது. கணையம் எடுத்த நாய்க்கு இறங்கவில்லை. மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கிறது என்று புரிந்தது. காய்ச்சல்காரரைக் கொன்ற குணம் நீரிழிவுக்காரருக்கு உதவும் அல்லவா! 1950களின் நடுவில் ஜெர்மனியில் இவ்வகை மாத்திரைகள் வந்தன. இன்றைய கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு எல்லாம் அந்த வம்சமே.

மெட்பார்மின் வேறு வம்சம். 1957இல் ழான் ஸ்தேர்ன் அதை நீரிழிவுக்குப் பயன்படுத்தி எழுதினார். வைத்த பெயர் குளுக்கோபாழ். குளுக்கோஸைத் தின்பது என்று பொருள். இது கணையத்தை விரட்டாது. கல்லீரல் சர்க்கரை விடுவதைக் குறைக்கும். வயிற்றுப்போக்கு வரலாம், நாளடைவில் பி12 குறையலாம். இதன் உறவான பென்பார்மின் இரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஏற்றியதால், 1970களில் பல நாடுகளில் நிறுத்தப்பட்டது.

இந்தப் பழங்கதை நமக்கு எதற்கு? முதல் வம்ச மாத்திரைக்கு நாம் சாப்பிட்டோமா என்று தெரியாது. ஏகாதசி என்றாலும், கல்யாண வீட்டுப் பந்தி தாமதம் என்றாலும் அது கணையத்தைத் தூண்டிக்கொண்டேதான் இருக்கும். வயதில் சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கும். வியர்வை, கைநடுக்கம், பேச்சுக் குழறல் வந்தால் வீட்டார் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். மோன்பெலியேயில் நடந்ததுதான் அங்கும் நடக்கிறது. நினைவு இருக்கும்போதே சர்க்கரை கரைத்த தண்ணீர் குடிக்க வேண்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நீங்கள் சாப்பிடுவது எந்த வம்ச மாத்திரை, விரத நாளில் என்ன செய்வது என்று அடுத்த முறை டாக்டரிடம் கேட்டு, சீட்டில் எழுதி வீட்டாரிடமும் கொடுத்து வையுங்கள்.