டி.எஸ்.கே. 6713 பலகை: நினைவகமும் இணைப்புத் துளைகளும்

டி.எஸ்.கே. 6713 என்பது, ஒலி போன்ற குறிகைகளை (சிக்னல்களை) எண்களாகக் கொண்டு கணக்கிடும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் 225 மெகாஹெர்ட்ஸ் செயலியை மையமாக வைத்து, பொறியியல் மாணவரின் பயிற்சிக்கு ஏற்ப அமைந்த மின்னணுப் பலகையாகும். செயலிக்குள் இருக்கும் 256 கிலோபைட் நினைவகம் விரைவானது, ஆனால் சிறியது. ஆகவே 16 மெகாபைட் எஸ்டிரேம் என்னும் தற்காலிக நினைவகமும், மின்சாரம் நின்றாலும் அழியாத 512 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகமும் வெளியே சேர்க்கப்பட்டுள்ளன. தஞ்சாவூர் வீணையின் நாதத்தை விநாடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இரு தடங்கள் என்ற அளவில் பதிந்தால் விநாடிக்கு 1,92,000 பைட் ஆவதால், எஸ்டிரேம் முழுவதும் ஏறத்தாழ 87 விநாடிகளில் நிரம்பிவிடும். விரிவான ஓர் ஆலாபனைக்கு அது போதாது என்பதால், ஒலியைச் சேர்த்து வைப்பதைவிட வரவரச் செயலாக்கி வெளியனுப்புவதே இப்பலகைக்கு உகந்த முறை.

மைக், லைன் இன், லைன் அவுட், ஹெட்போன் என 3.5 மி.மீ. துளைகள் நான்கு உண்டு. மைக்கின் குறிகை மிக மெலிந்தது, லைன் குறிகை வலுவானது. துளை மாறினால் நாதம் சிதையும். ஒலியலையை எண்ணாகவும் எண்ணை ஒலியலையாகவும் மாற்றும் ஏ.ஐ.சி.23 என்னும் கோடெக் சில்லு இத்துளைகளைச் செயலியின் சீரியல் போர்ட்டுடன் இணைக்கிறது. யு.எஸ்.பி. கம்பி கணினியிலிருந்து நிரலை ஏற்றவும் பிழை தேடவும் பயன்படுகிறது. மின்சாரம் தனி 5 வோல்ட் அடாப்டரிலிருந்து வருகிறது. எஸ்டிரேமில் ஏற்றிய நிரல் மின்தடையோடு மறைந்துவிடும். நிலைக்க வேண்டியதை ஃபிளாஷில் எழுதியாக வேண்டும்.