கொல்லாமலே உலகுக்கு அறிவிக்கப்பட்ட பறவை: 'புகுன் லியோசிக்லா' ஏன் ஸ்பெஷல்?

புதுசா ஒரு பறவையைக் கண்டுபிடிச்சா விஞ்ஞானிகள் என்ன செய்வாங்க தெரியுமா? ஒன்றைக் கொன்று, பதப்படுத்தி, அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். 'இது புது இனம்தான்' என்பதற்கு அந்த உடல்தான் சாட்சி. காலங்காலமாக இருந்துவரும் வழக்கம் இது. ஆனால் அருணாச்சலப் பிரதேசத்தில் ஒரு பறவைக்கு அப்படி நடக்கவில்லை.

ஈகிள்நெஸ்ட் வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டி, சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள மலைக்காடு. 1995ல் அங்கே இரண்டு விநோதப் பறவைகளைப் பார்த்தார் ரமண ஆத்ரேயா. இவர் தொழிலால் வானியல் விஞ்ஞானி! அவசரப்பட்டு அறிவிக்காமல் காத்திருந்தவர் கண்ணில், அது மறுபடி பட்டது 2005ல்தான்.

அடுத்த ஆண்டு வலையில் சிக்கியதும், அளவெடுத்து, படம் பிடித்து, பறக்க விட்டுவிட்டார். சாட்சியாக வைத்துக்கொண்டது வெறும் இறகுகளை மட்டுமே. காரணம் சிம்பிள். அப்போது கணக்கில் வந்த பறவைகளே மொத்தம் 14தான். அதில் ஒன்றைக் கொல்ல மனசு வருமா?

பார்க்க எப்படி இருக்கும்?

மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது. சாம்பல் கலந்த பச்சை உடல், தலையில் கறுப்புத் தொப்பி, கண்ணுக்கு முன்னால் பளிச்சென மஞ்சள். சிறகில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் திட்டுகள். வால் நுனியில் சிவப்பு. புதர்களுக்குள் புழு பூச்சி தேடித் தின்னும். புல்லாங்குழல் மாதிரி குரல். இதன் நெருங்கிய சொந்தம் இருப்பது எங்கோ சீனாவின் சிச்சுவான் மலைகளில்!

அந்தக் காட்டோடு வாழும் புகுன் பழங்குடியினரின் பெயரையே பறவைக்கும் வைத்தார்கள். சும்மா பெயரோடு நிற்கவில்லை அந்த மக்கள். மரம் வெட்டுவதும் சாலை போடுவதும்தான் இதற்குப் பெரிய ஆபத்து என்பதால், தங்களுக்குச் சொந்தமான 17 சதுர கி.மீ. காட்டை ஒதுக்கிக் கொடுத்தார்கள். 2017ல் அது சிங்சுங் புகுன் சமூகக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இப்போது காட்டைச் சுற்றி ரோந்து போவதும் புகுன் இளைஞர்கள்தான். பறவை பார்க்க வருபவர்களால் ஊருக்கு வருமானமும் கிடைக்கிறது.

ஆனாலும் சர்வதேசப் பட்டியலில் இந்தப் பறவை இன்னும் 'அழிவின் விளிம்பில்' என்ற இடத்தில்தான் இருக்கிறது.