வேட்டை ஆணையும் அரசின் கடனும்

2021 அக்டோபர் முதல் நாள், நீலகிரியில் டி23 என எண்ணிடப்பட்ட ஆண்புலியை வேட்டையாட ஆணை பிறந்தது. கூடலூர், மசினகுடி வட்டாரத்தில் நான்கு பேர் இறந்ததற்கு அதுவே காரணம் எனக் கருதப்பட்டது. உடனே கொல்ல வேண்டாம், உயிருடன் பிடிக்க முயலுங்கள் என்றது சென்னை உயர் நீதிமன்றம். அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்ட புலி, மைசூரு மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இடைப்பட்ட இரு வாரங்களில் எழுந்த வாதங்களில் ஒன்று உறுத்துகிறது. சுடச் சொன்னவர்கள் புலியைக் கொலைகாரனாக்கினார்கள். சுடக்கூடாது என்றவர்கள் அதை நிரபராதி என்றார்கள். இரண்டுமே குற்றவியல் நீதிமன்றத்தின் பேச்சு. புலியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் கேட்கவேண்டிய கேள்வி காணாமல் போகிறது.

விலங்குரிமை குறித்த தம் 1983ஆம் ஆண்டு நூலில் மெய்யியலாளர் டாம் ரீகன் ஒரு பாகுபாட்டை முன்வைத்தார்: தம் செயலுக்குப் பதில் சொல்லும் கடப்பாடு உடையவர்கள் ஒரு வகை, அக்கடப்பாடு இல்லாமலே நம் அறக்கவனத்துக்கு உரியவை இன்னொரு வகை. புலி இரண்டாம் வகை. அதைத் தண்டிப்பது பொருளற்றது. ஆனால் குற்றமின்மை விவாதத்தை முடித்துவைப்பதில்லை. தற்காப்பு பற்றி 1991இல் எழுதிய மெய்யியலாளர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன், குற்றமே செய்யாத ஒருவரால் உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலும் தடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு என வாதிட்டார். கொல்வதற்கு நியாயம் இருக்குமானால் அது இறந்துபோன நால்வருக்காக அல்ல, ஐந்தாமவருக்காகவே இருக்க முடியும்.

இதை ஏற்றால் சில முடிவுகளிலிருந்து தப்ப முடியாது. தவறான புலியைச் சுட்டால் ஐந்தாமவருக்கு ஒரு பயனும் இல்லை; ஊரின் கோபம் மட்டும் தணியும். புலியின் வரிகளைக் கேமராப் படத்தோடு ஒப்பிடுவதும், இறந்தவரின் உடலில் படிந்த எச்சிலிலிருந்து மரபணுவை ஆராய்வதும் அறத்தின் பகுதிகள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 11ஆம் பிரிவும் இந்தப் பார்வைக்கு இடம் தருகிறது. பாயும் விலங்கிடமிருந்து தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்தோடு கொல்வது குற்றமல்ல. தலைமை வன உயிரினக் காப்பாளர் ஆற அமர இடும் ஆணைக்கோ காரணம் எழுத்தில் வேண்டும். பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என அவர் நிறைவு கொள்ளவும் வேண்டும். 2018 நவம்பர் 2 இரவு மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் அவனி என்ற பெண்புலி சுடப்பட்டபோது, மயக்க முயற்சி மெய்யாக நடந்ததா என்ற ஐயமே பெரும் சர்ச்சையானது.

இடமாற்றம் கருணையான வழிபோலத் தோன்றும். அதே மாநிலத்தின் ஜுன்னார் பகுதியில் ஊர்ப்புறங்களில் பிடித்த சிறுத்தைகளைக் காடுகளில் விட்டார்கள். 1993 முதல் 2001 வரை மனிதர்மீது ஆண்டுக்குச் சராசரி 4 தாக்குதல். திட்டம் தொடங்கிய பின் 17. வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட இக்கணக்கு, ஓர் ஊரின் ஆபத்தை இன்னோர் ஊருக்கு அனுப்புவது கருணை ஆகாது என்பதைக் காட்டுகிறது. ஆயுள் முழுக்கக் கூண்டும் எல்லா நிலையிலும் சாவைவிட மேலானது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. காட்டில் பல சதுரக் கிலோமீட்டர் ஆண்ட புலிக்கு அது என்ன வாழ்வு என்பதைப் புலியின் பக்கம் நின்று கேட்க வேண்டும், நம் மனச்சாட்சியின் நிம்மதிக்காக அல்ல.

யார் சாகிறார்கள் என்பதுதான் இவ்விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. தேயிலைச் செடிகளுக்கிடையே குனிந்து வேலை செய்பவர்கள், மாடு மேய்ப்பவர்கள், லயன் வீட்டு முற்றத்தில் விளையாடும் குழந்தைகள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழருக்கு வேலை தர, நீலகிரியில் அரசே காட்டு நிலத்தைத் தேயிலைத் தோட்டமாக்கியது. பின்னாளில் அது டேன்டீ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. அம்மக்களைக் காட்டை ஆக்கிரமித்தவர்கள் என்று பேசுவது வரலாற்றைத் திருப்பிப் போடுவது. புலியின் எல்லையில் அவர்களைக் குடியமர்த்தியது அரசு.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். விளிம்பெங்கும் உண்ணிச்செடியை மண்டவிட்டு, வாசலில் விளக்கும் கழிப்பறையும் இல்லாமல் மக்களை இருட்டில் புதர்ப்பக்கம் போகவைத்துவிட்டு, வேறு வழியில்லை என்று அரசு சொல்லலாமா? தானே உண்டாக்கிய நெருக்கடியைச் சாக்காகக் காட்டலாமா? சாக்காகக் காட்டக்கூடாதுதான். ஆனால் அதைக் காரணமாக்கி வேட்டை ஆணையையே மறுத்தால், அரசின் அலட்சியத்துக்கு விலை தரப்போவது கொழுந்து பறிக்கும் பெண்தான். அவளுடைய பாதுகாப்புரிமை அரசின் நேர்மையைச் சார்ந்து நிற்பதில்லை. ஆகவே உண்மையிலேயே வேறு வழியற்ற நிலையில் கொல்வது நியாயமாகலாம். அந்நிலையை உண்டாக்கிய பொறுப்பு அந்த நியாயத்தால் நீங்காது. சாம்பாவத் பெண்புலியை 1907இல் சுட்ட ஜிம் கார்பெட், அதன் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிச் சூட்டில் உடைந்திருந்ததைக் கண்டார். 436 பேரின் சாவுக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட அப்புலியைச் சுட்டதும் சரி. அதற்கு முன் அதன் வாயைச் சிதைத்த தோட்டாவும் மனிதருடையதே.

இதன்படி, சட்டம் கேட்கும் எழுத்துவழிக் காரணத்தை விரிக்க வேண்டும். விலங்கு ஏன் ஆபத்தானது என்பதோடு, அந்தக் குடியிருப்பில் அதுவரை எந்தப் புதர் வெட்டப்பட்டது, எந்த விளக்கு எரிந்தது, முதல் தாக்குதலுக்குப் பின் என்ன செய்யப்பட்டது என்பதும் ஆணையிலேயே பதிவாகட்டும். இறந்தவரின் குடும்பத்துக்கு இப்போது கருணைத்தொகைபோல நீட்டப்படும் பணம், அந்தப் பதிவின் அடிப்படையில் அவர்கள் வழக்காடிப் பெறக்கூடிய இழப்பீடாகட்டும்.